கடல் ஊமையன்று

கரையில் நின்று நோக்குவார்க்கு அலையின் இரைச்சல் ஒன்றே கடலின் குரலாகத் தோன்றும். அலைக்குக் கீழே பேரமைதி குடிகொண்டிருப்பதாகக் கற்றோரும் நெடுங்காலம் எண்ணி வந்தனர். பிரஞ்சு நாட்டுக் கடலாராய்ச்சியாளர் கூஸ்தோ என்பார் 1953-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலுக்கு 'மௌன உலகம்' என்றே பெயர் சூட்டினார். அப்பெயர் உலகெங்கும் பரவிற்று; அதனோடு அத்தவறான எண்ணமும் பரவிற்று. உண்மை யாதெனில், கடல் ஒருகாலத்தும் மௌனமாயிருந்ததில்லை. நமது செவி காற்றில் வரும் ஓசையைக் கேட்பதற்கு அமைந்தது. நீரினுள் வரும் ஓசை அதற்கு எளிதில் எட்டுவதில்லை. நமது செவியின் குறையைக் கடலின் ஊமைத்தனம் என்று கொண்டோம். அப்படிக் கொண்டதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. அவ்வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இந்நாட்டில் வாழும் நாம் இவ்வரலாற்றைத் தொலைதூரத்தில் தொடங்க வேண்டியதில்லை. மலாயாவின் கிழக்குக் கரையில், கிளந்தான், திரங்கானு ஆகிய இடங்களில், 'ஜுரு செலாம்' என்னும் பெயருடைய மீன்பிடி வல்லுநர் இருந்தனர். அவர் படகின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு நீரில் இறங்கித் தலையை மூழ்கவைத்து உற்றுக் கேட்பார். மீன்கூட்டம் எத்திசையில் உள்ளது, எவ்வின மீன், வலை வீசத்தக்க அளவு உண்டா என்பவற்றை ஓசையைக் கொண்டே தீர்மானிப்பார். அவர் கைகாட்டிய பிறகே வலை இறங்கும். 1939, 1940-ஆம் ஆண்டுகளில் கிளந்தான் கரையில் தங்கி ஆராய்ந்த ரேமண்ட் ஃபர்த் என்னும் பேராசிரியர், மலாய்ச் செம்படவரைப் பற்றி 1946-இல் வெளியிட்ட தமது நூலில் இவர்களைக் குறிப்பிட்டுள்ளார். கெலாமா என்று சந்தையில் நாம் வாங்கும் மீன் தன் வயிற்றினுள் உள்ள காற்றுப்பையைத் தசையால் அதிரச் செய்து ஒலி எழுப்பும். அவ்வொலி எழுத்தறியாச் செம்படவருக்குத் தெரிந்திருந்தது. நூல் கற்றோருக்குத் தெரியவில்லை. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

ஐரோப்பாவில் இதனைப் பற்றிப் பழைய குறிப்பொன்று உண்டு. இத்தாலிய ஓவியரும் அறிஞருமான லியனார்டோ டாவின்சி 1490-ஆம் ஆண்டையொட்டி எழுதி வைத்தது அது. கப்பலை நிறுத்திவிட்டு, நீண்ட குழாய் ஒன்றின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் வெகுதூரத்திலுள்ள கப்பல்களின் ஓசை கேட்கும் என்பது அக்குறிப்பின் சாரம். 'கப்பலை நிறுத்திவிட்டு' என்னும் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். பிறர் ஓசையைக் கேட்க விரும்புவோன் முதலில் தன் ஓசையை அடக்க வேண்டும் என்பது பாய்மரக் காலத்திலேயே தெரிந்திருந்தது.

நீரில் ஒலியின் வேகத்தை ஐயத்துக்கிடமின்றி அளந்தது 1826-ஆம் ஆண்டில். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜெனீவா ஏரியில் இரு படகுகள் பல மைல் தூரத்தில் நிறுத்தப்பெற்றன. ஒரு படகிலிருந்து நீரினுள் தொங்கவிட்ட மணியை அடிக்கும் அதே கணத்தில் வெடிமருந்து பளிச்சிடும்படி செய்தனர். இரவில் அவ்வொளியைக் கண்ட கொலாடோன் என்பார், மறு படகிலிருந்து நீரினுள் செலுத்திய குழாயில் செவிவைத்து மணியோசை வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டார். விநாடிக்கு 1,435 மீட்டர் என்று கண்டார். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல் இது நான்கு மடங்குக்கும் அதிகம். நீரில் ஒளி விரைவில் மங்கிவிடும். ஒலியோ நெடுந்தூரம் செல்லும். ஆகவே கடல்வாழ் பிராணிகளில் பலவற்றுக்குக் கண்ணைவிடச் செவியே உயிர்நாடி. துணை தேடுவதும், குட்டியை அழைப்பதும், இரை பிடிப்பதும், பகை அறிவதும் செவியாலேயே நடக்கின்றன.

இத்தகைய உலகில்தான் நமது நீராவிக் கப்பல் புகுந்தது. கப்பலைத் தள்ளும் சுழல்விசிறி மிக விரைவாகச் சுழலும்போது அதன் இதழ்களின் பின்புறத்தில் நீரின் அழுத்தம் குறைந்து நீரே ஆவியாகி எண்ணிறந்த குமிழிகள் பிறக்கின்றன. அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்தவுடன் அவை நசுங்கி வெடிக்கின்றன. 1893-இல் பிரிட்டிஷ் கடற்படையின் 'டேரிங்' என்னும் கப்பல் எதிர்பார்த்த வேகத்தில் ஓடாது நின்றபோதும், 1894-இல் சார்லஸ் பார்சன்ஸ் தமது 'டர்பீனியா'வைச் சோதித்தபோதும் இக்குமிழிகளே தடையாயின. பார்சன்ஸ் 1895-இல் சிறு நீர்த்தொட்டி ஒன்று அமைத்து இதனை ஆராய்ந்தார். வெடிக்கும் குமிழி வெண்கல விசிறியையே அரித்துப் பள்ளமாக்கும் வலிமையுடையது என்பதற்கு 1917-இல் ரேலி பிரபு கணிதம் வகுத்தார். வேகம் குறைகிறதே என்று கவலைப்பட்டனர். விசிறி கெடுகிறதே என்று கவலைப்பட்டனர். அக்குமிழி வெடிப்பே கப்பல் கடலினுள் எழுப்பும் பேரிரைச்சலுக்குத் தலையாய காரணம் என்பது அப்போது எவர்க்கும் கவலையாகவில்லை. கேட்போர் கீழே இருந்தனர். கட்டணம் செலுத்துவோர் மேலே இருந்தனர்.

யுத்தம் வந்தபின் நிலைமை மாறிற்று. 1912-இல் 'டைட்டானிக்' பனிமலையில் மோதி மூழ்கியதையடுத்து, 1914-இல் ஃபெஸ்ஸெண்டன் என்பார் நீரினுள் ஒலியை அனுப்பி எதிரொலியால் பனிமலையைக் கண்டறிந்து காட்டினார். அதே ஆண்டு மூண்ட உலக யுத்தத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க நீரொலி கேட்கும் கருவிகள் வந்தன. அப்போதும் கேட்கும் கப்பல் தன் எந்திரத்தை நிறுத்தினாலன்றி ஒன்றும் கேளாது. இரண்டாம் உலக யுத்தத்தில் இக்கருவிகள் பெருகியபோதுதான் வியப்பான சம்பவங்கள் நேர்ந்தன. 1942-இல் அமெரிக்காவின் செசபீக் குடாவின் வாயிலில் பகைக் கப்பலைக் கேட்பதற்காகப் பதித்த கருவிகள், மாலை நேரத்தில் எழுந்த பெரும் ஆரவாரத்தால் செயலற்றுப் போயின. ஆராய்ந்ததில் அது மீன்களின் ஓசை. நமது கெலாமாவின் குடும்பத்தைச் சேர்ந்த மீன்களே அவை! திரங்கானுச் செம்படவர் தலையை நீரில் நுழைத்து அறிந்ததை, உலகின் பெருவலிமை படைத்த கடற்படையொன்று பொருட்செலவுடன் அறிந்துகொண்டது.

வெப்பமான ஆழமற்ற கடல்களில் மற்றோர் ஓசை குறுக்கிட்டது. வாணலியில் கடுகு பொரிவதுபோல இடைவிடாது கேட்ட அவ்வோசை, விரல் நீளங்கூட இல்லாத இறால் இனம் ஒன்று தன் பெரிய கொடுக்கைச் சொடுக்குவதால் எழுவது என்று கலிபோர்னியாவில் ஆராய்ந்தோர் 1947-இல் வெளியிட்டனர். சிங்கப்பூரைச் சூழ்ந்த கடலில் இரவும் பகலும் கேட்பது இவ்வோசையே. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தார் இவ்வோசையையே விளக்கொளிபோலக் கொண்டு, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டு நீரடிப் பொருள்களைக் காணும் கருவி ஒன்றும் செய்துள்ளனர். இதில் வேடிக்கை யாதெனில், கொடுக்குகள் ஒன்றோடொன்று மோதுவதால் ஓசை எழுவதாக எல்லோரும் எண்ணியிருக்க, 2000-ஆம் ஆண்டில் உண்மை தெரிந்தது: கொடுக்கிலிருந்து பீறிடும் நீரில் குமிழி பிறந்து நசுங்குவதே ஓசைக்குக் காரணம். பார்சன்ஸின் தொட்டியில் கண்ட அதே குமிழிதான்!

யுத்தம் முடிந்தது, செவிகள் மூடவில்லை. சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்க அமெரிக்கக் கடற்படை 1950-களில் ஆழ்கடலின் அடியில் கேட்கும் கருவிகளை வரிசை வரிசையாகப் பதித்து, அவற்றைக் கம்பிகளால் கரையுடன் இணைத்தது. விநாடிக்கு 20 அதிர்வுகொண்ட ஆழ்ந்த துடிப்பு ஒன்று ஓயாது கேட்டது. நாடித்துடிப்புப்போல் ஒழுங்காக வந்த அதனைப் பகைவரின் சூழ்ச்சியோ என்றுகூட ஐயுற்றனர். 1960-களின் முற்பகுதியில் ஷெவில் என்பாரும் அவர்தம் துணைவரும் அது துடுப்புத் திமிங்கிலத்தின் குரல் என்று நிறுவினர். பெர்முடாத் தீவில் கடற்படைக்காக ஒலிப்பதிவு செய்துவந்த ஃபிராங்க் வாட்லிங்டன் கூனற் திமிங்கிலங்களின் நெடிய ஓசைகளைச் சேர்த்து வைத்திருந்தார். வேட்டைக்காரர் அறிந்தால் திமிங்கிலங்களைத் தேடிக் கொல்வதற்கு வழியாகுமே என்று அஞ்சி அவற்றை வெளியிடாதிருந்த அவர், 1967-இல் ரோஜர் பெய்ன், கேட்டி பெய்ன் தம்பதிகளிடம் ஒப்படைத்தார். ஒழுங்கான அடிகளும் மீண்டும் வரும் பல்லவிகளும் கொண்ட பாட்டு அது என்று கண்டு, 1970-இல் இசைத்தட்டாக வெளியிட்டனர். கொழுப்பு எடுக்கும் பண்டமாகத் திமிங்கிலத்தை மதித்திருந்த மக்கள் முதன்முறை அதன் குரலைக் கேட்டனர். வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்துவதென்று 1982-இல் சர்வதேசக் கமிஷன் தீர்மானித்து 1986-இல் அமலுக்குக் கொண்டுவந்ததற்கு அவ்விசைத்தட்டும் ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து.

ஈட்டி ஓய்ந்தது, இரைச்சல் ஓயவில்லை. ரோஜர் பெய்ன் 1971-இலேயே டக்ளஸ் வெப் என்பவருடன் சேர்ந்து எச்சரித்தார்: துடுப்புத் திமிங்கிலத்தின் தாழ்ந்த குரல் ஆழ்கடலில் மிகப் பெருந்தொலைவு செல்லக்கூடியது, கப்பல் எந்திரங்களின் இரைச்சலும் அதே தாழ்ந்த சுருதியிலேயே விழுவதால் அக்குரல் எட்டும் எல்லை சுருங்கிப் போகிறது என்றார். அவ்வெச்சரிக்கையைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. பின்னர் கலிபோர்னியாக் கரைக்கப்பால் ஒரே இடத்தில் 1964-66-லும் 2003-04-லும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டபோது, தாழ்ந்த சுருதியில் இரைச்சல் 10 முதல் 12 டெசிபெல் உயர்ந்திருந்தது. டெசிபெல் என்பது பெருக்கல் கணக்கு. 10 டெசிபெல் ஏறினால் ஒலியின் வலிமை பத்து மடங்கு ஆகும்.

தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் உருளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அருகிலிருப்பவரிடம் பேச நேர்ந்த நம் தோழர்களுக்கு இதன் பொருளை விரிக்க வேண்டியதில்லை. அங்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தியும் பாதி விளங்காது. வீடு திரும்பியபின் காதில் நெடுநேரம் இரைந்துகொண்டிருக்கும். இரைச்சலில் மனிதன் தன்னையறியாது குரலை உயர்த்துவதை லொம்பார் என்னும் பிரஞ்சு வைத்தியர் 1911-இல் எடுத்துக் காட்டினார். வட அட்லாண்டிக்கில் வாழும் ரைட் திமிங்கிலமும் அவ்வாறே இரைச்சல் மிகுந்தபோது உரத்துக் கூவுவதாக நம் காலத்து ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆனால் ஸ்டோருக்கு மாலையில் மணி அடிக்கும், தொழிலாளி வெளியேறலாம். கடலுக்கு அம்மணி இல்லை.

கப்பலின் இரைச்சல் மெல்லக் கெடுப்பது. இனி வருவது உடனே கொல்வது. ஒலியை வலிந்து அனுப்பி எதிரொலியால் நீர்மூழ்கியைத் தேடும் கருவிக்குச் 'சோனார்' என்று பெயர். 1996 மே மாதம் கிரேக்க நாட்டின் கிபாரிசியா வளைகுடாவில் அலகுத் திமிங்கிலங்கள் 12 கரையேறின. பெரும்பாலும் ஆழ்கடலிலேயே காலங்கழிக்கும் இவை இவ்வாறு ஒருசேரக் கரையேறுவது அரிது. அந்நாட்களில் நேட்டோவின் ஆராய்ச்சிக் கப்பலொன்று அங்கே சோனாரைச் சோதித்துக்கொண்டிருந்தது. நேட்டோ தானே அமைத்த விசாரணைக் குழு, ஒலிதான் காரணம் என்று நிறுவவும் இயலவில்லை, இல்லை என்று தள்ளவும் இயலவில்லை என்று முடித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரே விசாரித்தால் தீர்ப்பு இவ்விதந்தானே அமையும்!

2000-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் தேதி பகாமாத் தீவுகளில் அதே துயரம் நிகழ்ந்தது. 17 பிராணிகள் கரையேறின. ஆனால் இம்முறை சாட்சி ஒருவர் இருந்தார். கென் பால்கம் என்னும் அத்திமிங்கில ஆராய்ச்சியாளர் ஒருகாலத்தில் அமெரிக்கக் கடற்படையில் கடலடி ஒலிகளைக் கேட்கும் பணியிலிருந்தவர். அலகுத் திமிங்கிலங்களை ஆராய்வதற்காக அத்தீவில் தங்கியிருந்தார். இறந்தவற்றின் தலைகளை அழுகவிடாது உறையவைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். செவிகளைச் சுற்றி இரத்தக் கசிவு காணப்பட்டது. கடற்படைக் கப்பல்கள் அவ்வழியே சோனாரை இயக்கிச் சென்றமை வெளிவந்தது. 2001 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கத்தாரும் கடற்படையினரும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் சோனாரே பெரிதும் பொருந்தும் காரணம் என்று ஒப்புக்கொண்டனர். பலம் படைத்தவனிடமே ஒலியும் இருந்தது, அதைக் கேட்கும் செவியும் இருந்தது. அவனிடம் பணிசெய்து பழகிய ஒருவர் வெளியே வந்து நின்றதனால் அன்றோ உண்மை புலப்பட்டது!

2002 செப்டம்பரில் ஸ்பெயினுக்குரிய கனாரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் 14 அலகுத் திமிங்கிலங்கள் கரையேறின. அவற்றின் உறுப்புகளில் காற்றுக் குமிழிகள் இருந்தன. முத்துக்குளிப்போரும் ஆழ்கடலில் மூழ்குவோரும் விரைந்து மேலெழுந்தால் இரத்தத்தில் குமிழி தோன்றி மாய்வதுண்டு. அதற்கொப்பான நோய் ஆழ்கடலில் மூழ்கி எழுவதையே வாழ்வாகக் கொண்ட பிராணிக்கு வந்ததென்றால், அஞ்சி ஓடித் தன் இயல்பான மூழ்கும் முறையையே அது மறந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளரின் ஊகம். ஸ்பெயின் அரசாங்கம் 2004-இல் அத்தீவுகளைச் சுற்றிச் சோனார் பயிற்சியைத் தடை செய்தது. அதன்பின் அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாக அங்கே கரையேறவில்லை என்று 2013-இல் அங்குள்ள ஆராய்ச்சியாளர் எழுதினர். அமெரிக்காவிலோ, இதே வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று 2008-இல் கடற்படையின் பயிற்சிக்குச் சாதகமாகவே முடிந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். கரையேறும் ஒவ்வொரு திமிங்கிலமும் ஒலியால் மாண்டது என்று சொல்வது பகுத்தறிவாகாது. தமிழ்நாட்டில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 2016 ஜனவரியில் எண்பதுக்குக் குறையாத பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. தெய்வ கோபம் என்பாரும், அழிவுக்கு அறிகுறி என்பாரும், நீருக்கடியில் ஏதோ வெடித்தது என்பாரும் உடனே கிளம்பினர். அதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியதுண்டு. தலைமைத் திமிங்கிலத்தைக் கூட்டமே பின்தொடரும் இயல்புடைய இனம் அது. சாட்சியில்லாத இடத்தில் காரணம் கற்பிப்பது, சாட்சியுள்ள இடத்தில் மறுப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த பிழையன்று.

எண்ணெய் தேடுவோரின் காற்றுத் துப்பாக்கிகளைப் பற்றியும் இரண்டொரு சொல். கடலடி மண்ணின் உள்ளமைப்பை அறிவதற்காக அழுத்திய காற்றைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை வெடிக்கச் செய்து, வாரக்கணக்கில் கப்பல்கள் இவற்றை இழுத்துச் செல்கின்றன. அட்லாண்டிக்கின் நடுவிலுள்ள கருவிகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கப்பால் வெடித்தவையும் பதிவாகியுள்ளன.

நிற்க, கப்பல் இரைச்சலால் திமிங்கிலம் துன்புறுகிறது என்பதை எவ்வாறு நிரூபிப்பது? உலகக் கப்பல்களை எல்லாம் ஒருநாள் நிறுத்தினாலன்றி ஒப்பிட்டுக் காட்ட இயலாதே. 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த கொடுஞ்செயலுக்குப்பின் அவ்வாறே சில நாட்கள் கப்பல் நடமாட்டம் குன்றிற்று. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் ரைட் திமிங்கிலங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு குழுவினர் கடலொலியைப் பதிவு செய்தனர். வேறொரு குழுவைச் சேர்ந்த ரோசலிண்ட் ரோலண்ட் என்னும் அம்மையார், திமிங்கிலத்தின் மலத்தைச் சேகரித்து அதிலுள்ள சுரப்புநீர்களை ஆராய்ந்துவந்தார். பின்னாளில் மோப்ப நாயைப் படகில் ஏற்றியும் அம்மலத்தைத் தேடினார். நகைப்புக்குரிய வேலை என்று நினைப்பாரும் உண்டு. இருவர் கணக்கையும் ஆண்டுகள் பல சென்றபின் சேர்த்துப் பார்த்தனர். அந்நாட்களில் இரைச்சல் 6 டெசிபெல் குறைந்திருந்தது. அதாவது வலிமையில் நான்கில் ஒன்றாயிற்று. அதே நாட்களில் திமிங்கிலங்களின் உடலில் மனவேதனையைக் குறிக்கும் சுரப்புநீரும் தாழ்ந்திருந்தது. மற்ற ஆண்டுகளில் அப்பருவத்தில் அவ்வாறு தாழ்ந்ததில்லை. இம்முடிவு 2012-இல் வெளிவந்தது. மனிதர் துக்கத்தில் மூழ்கியிருந்த நாளில் அவ்வுயிர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டன என்பதைப் படிக்கும்போது எங்களுக்குண்டான உணர்ச்சியைப் பெயரிட்டுச் சொல்ல இயலவில்லை. மெதுவாக நீந்துவதாலும், செத்தபின் மிதப்பதாலும், கொல்வதற்கு 'ஏற்ற' திமிங்கிலம் என்று வேட்டைக்காரர் வைத்த பெயரே ரைட் திமிங்கிலம் என்பது. இன்று வட அட்லாண்டிக்கில் அவ்வினத்தில் எஞ்சியிருப்பவை 400-க்கும் குறைவு.

பரிகாரம் அரிதன்று. எண்ணெய்க் கசிவைப்போல் ஒலி கடலில் தங்குவதில்லை. எந்திரம் நின்ற கணத்தில் அது போய்விடும். விசிறியின் இதழைத் திருத்தமாகச் செய்தால் குமிழி குறையும். எந்திரத்தை அதிர்வு தாங்கும் மெத்தைமேல் அமைக்கலாம். யாவற்றிலும் எளியது, மெதுவாகச் செல்வது. சர்வதேசக் கடல்வழி அமைப்பு இவற்றைத் தொகுத்து 2014-இல் நெறிமுறைகள் வெளியிட்டு, 2023-இல் திருத்தியது. அவை விருப்பமுள்ளோர் கைக்கொள்வதற்கே, கட்டாயம் இல்லை. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள் வழியாக நாள்தோறும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் செல்கின்றன. அவற்றுள் எக்கப்பலும் இந்நெறிமுறைகளைக் கேட்டாக வேண்டும் என்பதில்லை.

கனடாவின் வான்கூவர் துறைமுகத்தார் 2017-இல் ஒரு சோதனை நடத்தினர். ஓர்க்காத் திமிங்கிலங்கள் இரைதேடும் ஹாரோ நீரிணையில் கப்பல்கள் மணிக்கு 11 கடல்மைலுக்கு மேற்படாது செல்லுமாறு கேட்டுக்கொண்டனர். தண்டனையில்லை, வேண்டுகோளே. கப்பல்களில் பெரும்பாலானவை இணங்கின. நீரினுள் இரைச்சல் அளவிடத்தக்கபடி குறைந்தது. இணங்கிய கப்பலுக்கு நேர்ந்த தாமதம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிற்று.